அவர் இருமிய இடம்

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த நிம்மதியில் பையை மடியில் வைத்துக்கொண்டபோதுதான் போன் அடித்தது. எங்கள் பள்ளி சூசை சாரின் மனைவி விமலா. சார் உடம்பு முடியாமல் விடுப்பில் போன மூன்று மாதமாக, அந்தப் பெயர் போனில் தெரிந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். "டீச்சர், சார் போயிட்டாருங்க" என்றார். வீட்டுக்காரரை விமலாவும் சார் என்றுதான் சொல்வார். கண்டக்டர் வந்து நின்று, "ஏனுங்க, எங்க போகோணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கே தெரியவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, சிக்னலைத் தாண்டி ஒரு துணிக்கடை முன்னால் இறங்கிக்கொண்டேன். கடை இன்னும் திறக்கவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தாறு வயதில் காந்திபுரத்து நடுரோட்டில் உட்கார்ந்து அழப்போகிறாய் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களில் பலருக்குச் சூசை சாரின் முகம் நினைவிருக்கும், பெயர் நினைவிருக்காது. வட்டாரக் கூட்டங்களில் கடைசி வரிசை அவருடையது. பெரிய உடம்பு, கட்டம் போட்ட சட்டை, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. கருத்துச் சொல்லச் சொன்னால் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கள் தொடக்கப் பள்ளி சரவணம்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற ஓர் ஊரில் இருக்கிறது. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியைப் பொறுப்போடு நான்காம், ஐந்தாம் வகுப்புகள் எனக்கு. ஒன்று, இரண்டு, மூன்று அவருக்கு. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரை வரை போகாது. பதினோரு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் பின்னம் நடத்தினேன், அந்தப் பக்கம் அவர் இங்கிலீஷ் பாட்டுப் பாடினார்.

பாடினார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். தகர ஷீட்டைச் சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போவது போன்ற குரல். சுருதிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவரும் சேர்ந்து பாட, அவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சூசைண்ணா, நீங்க வாய மட்டும் அசைங்க, ஆண்டவருக்குப் புரியும்" என்றார்களாம். அதை அவரே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நான் கொஞ்சம் கடுகடுப்பானவள் என்பது வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். அவர் வந்து சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன். "பாடித்தான் ஆகணுமா சார்? ரைம்ஸெல்லாம் செல்போன்லயே கிடைக்குதே, போட்டுவிட்டாப் போச்சு." அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பாட்டுல எல்லாம் பனி கொட்டுதுங்க டீச்சர். நம்ம புள்ளைங்க அதையெல்லாம் எங்கீங்க கண்டுச்சு?" அதனால் அவரே பாட்டுக் கட்டினார். குழாயில் தண்ணீர் வராததற்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டு முட்டைக்கு ஒன்று, பள்ளிக்கு எதிரே இருக்கிற கிரில் பட்டறையின் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதே என்று ஒன்று. அவர் மெனக்கெட்டு அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இந்த மனுசனுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தவள்தான் நான்.

அதில் பேர்போனது பஸ் பாட்டு. தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், அவரும் தன் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

ஸ்டாப் தி பஸ், மிஸ்டர் கண்டக்டர்,
ஐ ஹாவ் எ பேக், ஐ ஹாவ் எ பிரதர்,
ஐ ஹாவ் எ கோட், ஷி இஸ் ஹங்ரி,
கிவ் அஸ் எ சீட், டோன்ட் பி ஆங்ரி.

கையில் பை, கூடத் தம்பி, பசியோடு ஓர் ஆடு. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பஸ்ஸை நிறுத்தி இடம் கேட்கிறது, கோபித்துக்கொள்ளாதே என்று கண்டக்டரிடம் சொல்கிறது. அவ்வளவுதான் பாட்டு. மூன்றாவது வரி முடிவதற்குள் சாருக்கு மூச்சுத் தீர்ந்துபோகும். முகத்தை இடப்பக்கம் திருப்பி, கையை முஷ்டியாக்கி வாய்க்கு நேரே வைத்து, ஓர் இருமல் இருமிவிட்டுத்தான் நாலாவது வரிக்கு வருவார். கேட்டால் சாக்பீஸ் தூள் என்பார். "டாக்டரப் பாருங்க சார்" என்று நானும் வருடத்துக்கு இரண்டு தடவை சொல்வேன். குடையை மறந்துவிடாதீர்கள் என்று சொல்வோமே, அந்த அளவுக்குத்தான் சொன்னேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். செய்யவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவரிடம் வம்புக்கு இழுத்தேன். ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி நிறுத்திச் சொல்லச் சொன்னால்தானே யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று தெரியும், இப்படி முப்பது பேரும் சேர்ந்து கத்தினால் என்ன தெரியும் என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தன் கதையைச் சொன்னார். சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும். ஆசிரியர் பயிற்சிக்குக் கோயமுத்தூர் வந்தபோது, இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாளே இவரை எழுப்பி நிறுத்திப் படிக்கச் சொன்னார்களாம். முதல் வரியிலேயே வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். "அன்னைக்கு மூடுன வாயி, ரெண்டு வருசம் தொறக்கலீங்க டீச்சர். பயந்த வாய்க்குள்ள எந்தப் பாஷையும் போகாதுங்க. கூட்டத்தோட பாடறப்ப ஒரு புள்ள தப்பாச் சொன்னாலும் யாருக்குந் தெரியாது, அதுக்கே தெரியாது. பத்து நாள்ல தானாச் சரியாப் போயிருமுங்க." அவர் எந்தப் பிள்ளையையும் தனியாகப் பாடச் சொன்னதில்லை. பாட்டுக்கு நடுவே நிறுத்தித் திருத்தியதும் இல்லை.

எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் கால் வைத்த அன்று தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாமல் மத்தியானம் வரை தாகத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் ஆசிரியை ஆனதும் அதை வசதியாக மறந்துவிட்டேன்.

சுனிதா எங்கள் பள்ளிக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். அவள் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் எழும்புகிற அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஊமையோ என்று கூட நினைத்தேன். சார் மட்டும், "அது பாடிட்டுத்தான் இருக்குதுங்க டீச்சர், சத்தம் உள்ளுக்குள்ள இருக்குது" என்பார். ஒரு நாள் காலை, பிரார்த்தனை எல்லாம் முடிந்த பிறகு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை போல. "மணி என்ன ஆச்சு? இது யாரு? இவனை எங்க உக்கார வெப்பே?" என்று நான் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பி ஓர் இருமல் இருமினாள். பிறகு தெளிவாக, "கிவ் அஸ் எ சீட், டோன்ட் பி ஆங்ரி" என்றாள்.

சார் வகுப்பிலிருந்து வேகமாக வந்தார். அவ்வளவு பெரிய மனிதர், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, "வா கண்ணு, தம்பியையும் கூட்டிட்டு வந்து உக்காரு" என்று இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனார். என் புத்தி எங்கே போனது தெரியுமா? ஐந்து மாதம் கழித்துப் பேசின பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறதே என்று போனது. மத்தியானம் சமையலம்மாவிடம் சொல்லிச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். அவளும் சமத்தாகக் குடித்தாள்.

இனி எழுதப்போவதைத்தான் எழுதாமல் விட்டுவிடலாமா என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம், சிறு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு பள்ளியும் என்ன செய்கிறது என்று பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். சாரை என் அறையில் உட்கார வைத்து, அவருடைய பாட்டு அத்தனையையும் என் போனில் பதிவு செய்தேன். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குரல்தானே சார் பதிவாகப்போகிறது, சட்டை எதற்கு என்று கிண்டல் செய்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் போட்டுக் கேட்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தத் தகரக் குரலும், வரிக்கு நடுவே இருமலும், இதையா நம் பள்ளியின் பெயரில் அனுப்புவது? என் அக்காள் மகள் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள், முறையாகப் பாட்டுப் படித்தவள். அவளைப் பிடித்து, கீபோர்டு வைத்து எல்லாப் பாட்டையும் அழகாகப் பாட வைத்து அனுப்பினேன். பாராட்டு வந்தது. சார் பெயரையும் போட்டுத்தான் அனுப்பியிருந்தேன், அதில் குறை வைக்கவில்லை.

மறுவாரம் அதை வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் கூடப் பாடவில்லை. முடிந்ததும், "நல்லா இருக்குதுங்க டீச்சர்" என்றார்கள். நான் சாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. "பாப்பா ரொம்ப நல்லாப் பாடுது. அதாங்க புள்ளைங்க வாய மூடிக்கிச்சு. நான் பாடறதக் கேட்டா, இந்தாளுக்கு நாமளே தேவலைன்னு ஆரம்பிச்சுருமுங்க" என்றார். "நீங்களும் ஒரு நாளு வந்து பாடுங்க டீச்சர்." எனக்குப் பாட வராது என்றேன். "அதாங்க வேணும்" என்றார்.

அந்தச் சமயத்தில் என் போனில் இடமில்லை என்று வந்துகொண்டே இருந்தது. அவர் பாடின பதிவுகளை அழித்துவிட்டேன். நல்லதுதான் கையில் இருக்கிறதே, இது எதற்கு என்று அழித்தேன். ஒரு மாதம் கழித்து அவர் கேட்டார். "அந்த ரெக்கார்டிங்கு வெச்சிருக்கீங்களா டீச்சர்? ஊட்டுல போட்டுக் காட்டலாமுன்னு." இருக்கும், தேடித் தருகிறேன் என்றேன். அவர் திரும்பக் கேட்கிற ஆள் இல்லை.

பங்குனியில் அவர் மருத்துவ விடுப்பில் போனார். பத்துப் பதினைந்து வருடமாக இருந்த இருமல். அதற்குள் வேறொன்று எப்போது வந்து புகுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருந்தோம். முதலில் போனது குரல். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு இருந்தது, நம் பள்ளிச் சிலேட்டு. "புள்ளைங்க பாடறாங்களா?" என்று எழுதிக் காட்டினார். பாடுகிறார்கள் என்றேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினார். "அந்தப் பதிவு இருக்குதுங்களா? விமலாவுக்கு வேணும்." கையெழுத்து அப்போதும் குண்டு குண்டாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதிப்போட்ட மாதிரி இருந்தது.

நான் தலையை ஆட்டினேன். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். அவர் சிரித்தார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்த்தது பெட்டியில்தான். கல்லறைத் தோட்டத்தில் பாடகர் குழு மிக நன்றாகப் பாடியது. என்னால் அந்தப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில், கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களுக்காக விமலா பள்ளிக்கு வந்தார். சார் பீரோவில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தேன். பாட்டு நோட்டு, டிபன் பாக்ஸ், அந்தக் குடை. விமலா குடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். "டீச்சர், சார் கொரலு உங்க போன்ல இருக்குதுங்களாமா. சிலேட்டுல எழுதிக் காமிச்சாரு. எங்க பழைய போனு கெட்டுப்போச்சுங்க. புதுசு வாங்கறப்ப அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு. போட்டோதான் இருக்குது. அவரு பேசுனது ஒண்ணு கூட எங்கிட்ட இல்லீங்க."

இன்னொரு பொய்யும் என் நாக்கு நுனி வரை வந்தது. போன் ரிப்பேர், எல்லாம் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். "இல்லீங்க விமலா. அழிச்சுப்போட்டேன். குரல் நல்லா இல்லைன்னு வேற ஆளப் பாட வெச்சு அனுப்பிச்சுட்டு, அவரோடத அழிச்சுப்போட்டேன்" என்றேன்.

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

விமலா திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். படிவத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கும் எழுந்து போகத் தெரியவில்லை.

அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பஸ் பாட்டை ஆரம்பித்தார்கள். சார் விடுப்பில் போனதிலிருந்து அந்த மூன்று வகுப்புக்கும் ஆள் இல்லை, நான்தான் இரண்டு அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். நான் இல்லாத நேரத்தில் அவர்களே பாடிக்கொள்வார்கள். அந்தச் சத்தம் தினமும் என் காதில் விழுந்தது, நான் கவனித்ததில்லை. பதினோரு வருடம் கேட்டு, மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகியிருந்தது. ஸ்டாப் தி பஸ், மிஸ்டர் கண்டக்டர். பேக், பிரதர், கோட். மூன்றாவது வரி முடிந்தது. பாட்டு நின்றது. முப்பது பிள்ளைகளும் ஒன்றாக இருமினார்கள். பிறகு கிவ் அஸ் எ சீட் என்று தொடர்ந்தார்கள்.

விமலா நிமிர்ந்தார். எழுந்து போய் அந்த அறையின் வாசலில் நின்றார், நானும் பின்னால் போனேன். சுனிதா இப்போது மூன்றாம் வகுப்பு. அவள்தான் முன்னால் நின்று பாட வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த இடம் வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் முகத்தை இடப்பக்கம் திருப்பி, முஷ்டியை வாய்க்கு நேரே வைத்து, ஒரே ஓர் இருமல். முதல் வரிசையில் இருந்தவர்கள் இந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். அவர்கள் சூசை சாரைப் பார்த்ததே இல்லை. அவர்களும் இடப்பக்கம் திரும்பித்தான் இருமினார்கள். பாட்டில் அது ஒரு வரி என்று அவர்களுக்கு எண்ணம்.

"சார் இருமறாருங்க" என்றார் விமலா. "இப்படியேதானுங்க. ஊட்டுலயும் இப்படியே இந்தப் பக்கந்தான் திரும்புவாரு. டீச்சர், இன்னொருக்காப் பாடச் சொல்லுங்க."

நான்கு முறை பாடினார்கள். விமலா தன் போனை எடுத்துப் பதிவு செய்துகொண்டார். சுனிதாவைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டு அழுதார். போகும்போது என்னிடம் நான் அழித்த பதிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு வாயில்லை. "குடை இங்கயே இருக்கட்டுங்க, மழைக்குப் புள்ளைங்களுக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னார்.

சுனிதா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, கேட்டில் நின்று அந்தப் பிள்ளை இருமியதற்குச் சளி என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் கொடுத்தேனே, அந்த முட்டாள்தனத்தை நினைத்து அன்று சாயங்காலம் பீரோவைப் பூட்டும்போது அழுதேன்.

புது ஆசிரியர் இன்னும் வரவில்லை. இப்போது ஐந்து வகுப்பும் எனக்குத்தான். காலையில் முதல் பாடவேளை, சின்னப் பிள்ளைகள் அறையில் நின்று நான் பாடுகிறேன். எனக்குப் பாட வராது. பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் பாடுகிறார்கள், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால் இன்னும் சத்தமாகப் பாடுகிறார்கள். மூன்றாவது வரி முடிந்ததும் அவர்களோடு சேர்ந்து நானும் முகத்தை இடப்பக்கம் திருப்பி ஒரு தடவை இருமுகிறேன். சூசை சாருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் நான் காப்பாற்றி வைக்கவில்லை, பிள்ளைகள் எனக்குக் கொடுத்தார்கள்.